எச்சரித்த விமானி



திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9இல். கொழும்பு அதற்கு நான்கு நாட்கள் முந்தியே தாக்கப்பட்டது. அந்தப் பெரும் கப்பற்படை வருவதை முதலில் கண்டு அறிவித்தவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி.

ஏப்ரல் 4இல் கொக்கலையிலிருந்து கட்டலீனா விமானத்தில் ரோந்து போனார். குண்டும் சுமக்கும், நீரிலும் இறங்கும் விமானம் அது. மாலையில் தென்கடலில் கப்பல்கள் தென்பட, தப்பியோடாமல் கிட்டப் போய்ப் பார்த்தார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், மற்றவர்கள் கைதிகளாயினர். அச்செய்தியால் கொழும்பில் நின்ற கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேறின.

இதற்காக அவருக்கு வீரப்பதக்கம் கிடைத்தது. 'இலங்கையைக் காத்தவர்' என்றும் புகழ்ந்தார்கள். எனக்கோ பிந்திய மூன்றாண்டுச் சிறைவாசமே பெரிதாகப் படுகிறது. விமானத்தில் ஆயுதமாவது இருந்தது, முகாமில் வெறுங்கை. நோயாளிக் கைதிகளையும் வேலைக்கு விரட்டியபோது, அவர்களை விடும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று எல்லோரையும் உட்காரவைத்தார். கடுமையாக அடித்துத் தண்டனை முகாமுக்கு அனுப்பினார்கள். நடந்தவற்றை ஒளித்தெழுதிய அவருடைய குறிப்பேடுகள் பின்னர் போர்க்குற்ற விசாரணைகளில் சாட்சியாயின. சிறையில் காட்டிய துணிவுக்கு வேறொரு விருதும் வந்தது.

1963 முதல் 1967 வரை கனடாவின் ரோயல் இராணுவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்து இளைஞர்களைப் பயிற்றுவித்தார். 2004இல், 89ஆவது வயதில் காலமானார்.