பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

திருச்சி ஜில்லாவிலிருந்து நேட்டாலுக்குப் போன கரும்புக் கூலிக்கு ஏடு இருக்கிறது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் புறப்பட்ட நாள்தொட்டுப் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம் எல்லாம் எழுதினான் வெள்ளையன். அன்பினாலா? சரக்குக்குக் கணக்கு வேண்டாமா!

இங்கேயே உழைத்து மாண்ட பாட்டனுக்கோ ஏடில்லை. 1871 முதல் தலை எண்ணினார்கள். தொகையை அச்சிட்டார்கள், பெயரைக் காக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ கணக்குத் தாளை எவருக்கும் காட்டாதே என்கிறது. இங்கிலாந்திலே 1921-ஆம் ஆண்டுக் கணக்கை 2022-இல் பேரப்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள்!

திருவரங்கத்துக் கல்வெட்டிலே கொடை தந்தவன் பெயர் உண்டு, தோழர்களே. கல் சுமந்தவன் பெயர்?

எச்சிலைச் சோதித்தால் மரபணு உறவைச் சொல்லும். பாட்டன் பெயரைச் சொல்லாது. 2027-க்கு அறிவித்துள்ள கணக்கெடுப்பின் பெயர்களையாவது பத்திரப்படுத்தி, நூறாண்டு கழித்துத் திறக்கச் சட்டம் திருத்துக எனக் கேட்கிறோம் நாம்.