கோழியின் காலும் தீவனத்து உப்பும்

சென்ற வாரம் பல்லடத்திலிருந்து மாமா அழைத்திருந்தார். ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர். நான்கு வாரக் கோழிகளில் சில காலூன்ற முடியாமல் உட்கார்ந்துவிடுகின்றன. கால்சியமும் வைட்டமினும் தண்ணீரில் கலந்து கொடுத்தும் பயனில்லை என்றார். வித்துராவில், பொன்முடி அடிவாரத்து விடுதி அறையிலிருந்து நான் கேட்டேன்: “தீவனத்தில் குளோரைடு எவ்வளவு, மாமா?”

“மூட்டையில அதெல்லாம் எங்க மாப்ள போட்டிருக்கு?” என்றார்.

அந்தப் பதிலே இப்பதிவுக்குக் காரணம்.

கால் எலும்பின் மேல்முனையில் குருத்தெலும்பு சுண்ணமேறாமல் கட்டியாகத் தங்கிவிடும் கோளாற்றை 1965இலேயே லீச்சும் நெஷைமும் விவரித்தனர். வேக வளர்ச்சிக்கான மரபுத் தேர்வு, கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் ஆகியவற்றோடு குளோரைடு மிகுதியும் இதற்கு ஒரு காரணம். ஈடுகட்டும் சோடியமும் பொட்டாசியமும் இன்றிக் குளோரைடு மிகுந்தால் இரத்தம் அமிலத்தன்மையை நோக்கிச் சாய்கிறது; வைட்டமின் டி தன் செயல்வடிவத்தை அடைவது குறைகிறது. அந்நிலையில் கால்சியத்தைக் கூட்டிக் கொடுப்பது மட்டும் போதாது.

1981இல் மோங்கின் முன்வைத்த சமன்பாட்டை நாம் எல்லோரும் அறிவோம்: சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்தால், கிலோவுக்குச் சுமார் 250 மில்லிசமானம் இருக்க வேண்டும். என் மறுப்பு சமன்பாட்டின் மீதன்று. அதன் விடையை மட்டும் எழுதிவிட்டு உறுப்புகளை மறைக்கும் நம் வழக்கத்தின் மீது. சோடியம் 0.20, பொட்டாசியம் 0.80, குளோரைடு 0.22 விழுக்காடு கொண்ட தீவனத்தின் விடை சுமார் 230. சோடியம் 0.10, பொட்டாசியம் 1.10, குளோரைடு 0.34 என்றாலும் அதே 230தான். முன்னது குஞ்சுக்கு ஏற்றது. பின்னதில் சோடியம் தேவையில் பாதி. ஒரே எண்ணால் இவ்விரண்டையும் குறிப்பது அறிவியலாகுமா?

குளோரைடு கறியுப்பில் மட்டும் வருவதில்லை. லைசின் ஹைட்ரோகுளோரைடின் எடையில் ஏறத்தாழ 19 விழுக்காடு குளோரின். கோலின் குளோரைடும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையோ நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு கிலோ தீவனத்துக்குக் கோழி சுமார் இரண்டு லிட்டர் நீர் குடிக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் தீவனத்தில் 0.1 விழுக்காடு கூட்டியதற்குச் சமம். அக்குளோரைடு கால்சியம், மக்னீசியத்தோடு வரும் கடினநீராயின் 230 என்பது ஏறத்தாழ 200 ஆகிவிடும். உப்பில் ஒரு பகுதியைக் குறைத்து அச்சோடியத்தை ஆப்பசோடாவாகக் கொடுப்பது எளிய திருத்தம்; ஆனால் அளவு தெரியாமல் எதைத் திருத்துவது?

ஆகவே ஆய்வு மாணவர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. மூன்று அயனிகளையும் தனித்தனியே, பகுத்தாய்ந்த மதிப்புகளாக வெளியிடுங்கள். குடிநீரையும் சோதியுங்கள். எடைகூடலோடு நிறுத்தாமல், காலெலும்பை அறுத்துப் பார்த்து, அதன் சாம்பல் அளவையும் பதிவுசெய்யுங்கள். எடை நன்றாக இருக்கும்போதே எலும்பு கெட்டிருக்கக்கூடும். தீவன மூட்டையிலும் அம்மூன்று எண்கள் அச்சாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் தீவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் மாமா அல்லர். நொண்டிக் கோழி கழிவாகும்போது குறைவது அவருடைய வளர்ப்புக் கூலி. இப்போதைக்குக் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.