நாய்களைவிட ஆபத்தான ஸ்குவீலர்

ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யில் வரும் சர்வாதிகாரி யார் என்று கேட்டால், படித்தவர்கள் சட்டென்று நெப்போலியன் என்ற பன்றியைச் சொல்வார்கள். சரிதான், ஸ்டாலினை மனதில் வைத்து உருவான பாத்திரம் அது. ஆனால், அந்த ஆட்சி நிலைத்தது நெப்போலியனின் வேட்டை நாய்களால் மட்டுமல்ல. ஸ்குவீலர் என்ற வாய் சாமர்த்தியமுள்ள இன்னொரு பன்றியும் அதற்குக் காரணம்.

ஸ்குவீலரின் வேலை என்ன? வெறுமனே பொய் சொல்வது இல்லை, மற்றவர்களின் நினைவைத் திருத்துவது. பண்ணைச் சுவரில் எழுதிய கட்டளைகளில் ராத்திரியோடு ராத்திரியாக ஓரிரு வார்த்தைகள் கூடிவிடும். காலையில் பார்க்கும் விலங்குகள், ‘நமக்குத்தான் மறந்துபோச்சு போல’ என்று தங்களையே சந்தேகப்படும்.

கதைதானே என்று தோன்றலாம். சோவியத்தில் நடந்தது இதைவிட விநோதம். ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெஷோவ் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாலின் பக்கத்தில் அவர் நின்ற புகைப்படத்திலிருந்தும் காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் தெரிந்தது. 1953-ல் அதே பதவியில் இருந்த பெரியாவும் கொல்லப்பட்டார். பிறகு, சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியிருந்தவர்களுக்குப் புதிய பக்கங்கள் போயின. பெரியா பற்றிய பக்கங்களை வெட்டிவிட்டு, பெரிங் கடல் பற்றிய பக்கங்களை ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்!

அப்போ இது ஒரு தரப்பின் பழக்கம் மட்டும்தானா? இல்லை. உலகப் போரில் சோவியத் நேச நாடு என்பதால், பிரிட்டனிலேயே சில பதிப்பகங்கள் இந்த நாவலைத் திருப்பி அனுப்பின. 1945 ஆகஸ்டில்தான் அது வெளிவந்தது. ஆர்வெல் இறந்த பிறகு, சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்து 1954-ல் வந்த கார்ட்டூன் படத்தில் முடிவே மாறியது. நாவலின் கடைசியில் பன்றிக்கும் மனிதருக்கும் வித்தியாசமே தெரியாது. படத்திலோ, மற்ற விலங்குகள் திரண்டு வந்து பன்றிகளை வீழ்த்துகின்றன. பிரசாரத்தைத் தோலுரித்த கதையையே பிரசாரத்துக்காகத் திருத்திவிட்டார்கள்.

நாவலில் கழுதை பெஞ்சமினுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். படிச்சு என்ன ஆகப்போகுது என்று சும்மா இருந்தது. உழைத்து ஓய்ந்த குதிரை பாக்ஸரை ஏற்றிய வண்டியில் இருப்பது, குதிரைகளைக் கொன்று விற்பவனின் பெயர் என்று அது சத்தமாகப் படித்துச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது.

நேற்று சொன்னதை ஓர் அரசு இன்று சத்தமில்லாமல் மாற்றும்போது, ‘முன்னாடி வேற மாதிரி இருந்ததே’ என்று யாராவது கேட்டாக வேண்டும். அதை வண்டி கிளம்புவதற்கு முன்பே கேட்க வேண்டும்.