ஆப்கானி என்றால் ஆளா, காசா?

'பாகிஸ்தான்காரரைப் பாகிஸ்தானி என்கிறோம். அப்படியானால் ஆப்கானிஸ்தான்காரர் ஆங்கிலத்தில் ஆப்கானிதானே?' என்று கேட்கிறார், கல்லூரி விழாவில் வெளிநாட்டு மாணவர்களை அறிமுகம் செய்யவிருக்கும் வாசகி ஒருவர்.

நல்லவேளை, மேடை ஏறும் முன்பே கேட்டுவிட்டீர்கள்! ஆப்கானி என்பது அந்த நாட்டு நாணயம், நமக்கு ரூபாய் மாதிரி. ஆளைச் சொல்ல 'ஆப்கன்' போதும். சில அகராதிகள் ஆளுக்கும் 'ஆப்கானி'யை அனுமதிக்கின்றன. ஆனால், அந்த மக்களில் பலருக்கு அது பிடிப்பதில்லை. உங்களை யாராவது 'இவர் ஒரு ரூபாய்' என்று அறிமுகம் செய்தால் எப்படி இருக்கும்? (தமிழில் 'ஆப்கானியர்' என்று தாராளமாக எழுதலாம். சிக்கல் ஆங்கிலத்தில்தான்.)

நெதர்லாந்து மாணவர் இருக்கிறாரா? அவர் 'டச்'. ஆனால் 'ஹி இஸ் எ டச்' என்று நிறுத்திவிடாதீர்கள், அது தனியே நிற்காது. 'எ டச் ஸ்டூடன்ட்' என்று முடியுங்கள்.

பிலிப்பைன்ஸ்காரர் 'ஃபிலிப்பினோ', பெண் என்றால் 'ஃபிலிப்பினா'. பெயர் அட்டை அச்சடிக்கும்போது கவனம்: நாட்டின் பெயர் 'பி'யும் 'எச்'சும் சேர்ந்து தொடங்கும், மக்கள் பெயரோ 'எஃப்'பில் தொடங்கும். நாட்டின் பெயருக்கு முன்னால் 'தி'யும் வேண்டும்.