தேனீ கொட்டினால் சுண்ணாம்பா, ஆம்புலன்ஸா?

போன கோடையில் பூங்காவில் பார்பிக்யூ. தம்பியின் கையில் தேனீ கொட்டிவிட்டது. "சுண்ணாம்பு தடவு" என்றார் அம்மம்மா. சித்தி மஞ்சள் தேடினார். கொடுக்கு மட்டும் கையிலேயே இருந்தது!

தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு, தோலில் மாட்டிக்கொள்ளும். தேனீ பறந்த பிறகும் அதிலுள்ள நச்சுப்பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். எனவே நகத்தாலோ எதாலோ, உடனே எடுத்துவிடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்.

"விஷம் அமிலம், சுண்ணாம்பு முறித்துவிடும்" என்பார்கள். ஆனால் வலிக்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்ற பொருள். அது தோலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது. மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கவும் கூடும்.

தம்பிக்கு வீக்கத்தோடு போயிற்று. எல்லோருக்கும் அப்படி இராது. மூச்சுத்திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தலைச்சுற்றல் வந்தால் கடும் ஒவ்வாமை. நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் தந்த எபிபென் இருந்தால் தொடையில் குத்துங்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அம்மம்மாவின் அக்கறையில் குறையில்லை. இந்த நாட்டின் அவசர எண்ணை அவருக்குத் தமிழில் சொல்லிவைக்க வேண்டியது நாம்தான். இன்றைக்கே சொல்லுங்கள்.