எய்தவன் எங்கே?



பேங்க் கவுன்ட்டரில் பிடிபட்டவன் திருடன். சரி. அவனை அங்கே அனுப்பி வைத்தவன் யார்? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என் டிப்ளமோ படிப்பு போதவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் அப்பாதான் கேட்டார்.

அப்பா சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். சென்ற ஆண்டு அங்கே மூன்றாம் மாடிக்காரருக்கு வெளியூரிலிருந்து சாதாரணத் தபாலில் ஒரு செக் வந்தது. எட்டாயிரம் ரூபாய். மாடிப்படி அருகே பூட்டில்லாத பெட்டியில் தபால்காரர் போட்டுவிட்டுப் போனார். மாலையில் கவரைக் காணோம்!

"கேட்டில் நீதானே இருந்தே?" என்றார்கள் அப்பாவிடம். ஆறு வருஷ நாணயம் ஒரே கேள்வியில் போயிற்று. என் செமஸ்டர் பீஸ் அந்தச் சம்பளத்தில்தான். அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் செக் பேங்கில் பிடிபட்டது. கொண்டு போனவர், எதிரே மேம்பாலத்தடியில் படுத்துப் பழைய பேப்பர் பொறுக்கும் ஒரு பெரியவர். 8,000 என்பது 80,000 ஆகியிருந்தது. எண்ணில் ஒரு பூஜ்யம், 'எய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஒய்' என்று ஒரே ஓர் எழுத்து. அவ்வளவுதான்! பின்பக்கம் கையெழுத்துக் கேட்டபோது பெரியவர் கட்டைவிரலை நீட்டினாராம். கேஷியருக்குச் சந்தேகம். செக் கொடுத்தவருக்குப் போன் போட்டார். குட்டு வெளிப்பட்டது.

"திருடன் கிடைச்சுட்டான்!" என்று நான் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை.

"ரேகை வைக்கிறவன் இங்கிலீஷ்ல எழுத்து சேர்ப்பானாடா? நானும் ரேகை வைக்கிறவன்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

கவரை எடுத்தது தான்தான் என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். ஆனால் செக்கைத் திருத்தி, "பணம் வாங்கி வா, ஐந்நூறு தரேன்" என்றவன் பேர் தெரியாத ஒரு பேன்ட் சட்டைக்காரன். பேங்க் வாசலில் பைக்கோடு நின்றவன், கூட்டம் சேர்ந்ததும் பறந்துவிட்டான். இவர் கம்பி எண்ணப் போனார்.

அடுத்தவர் தபாலை எடுத்தது குற்றம்தான். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால், "பிளாட்பாரத்துல கிடக்கிறவனெல்லாம் திருடன், எல்லாரையும் விரட்டணும்" என்று மறுநாளே குடியிருப்பில் கையெழுத்து வாங்கினார்களே, அது நியாயமா? நேற்று அப்பாவின் மேல் விழுந்த அதே அவசரத் தீர்ப்பு இன்று பாலத்தடி மேல். அந்த 'ஒய்' யார் கையெழுத்து என்று யாரும் தேடவில்லை!

நண்பர்களே, படித்த நமக்கு இதில் இரண்டு கடமைகள் உண்டு.

ஒன்று, தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது. செக்கின் இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதினால் கவுன்ட்டரில் பணம் வாங்க முடியாது. கோடு போடுவது 1881-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள பாதுகாப்பு. 'பேரர்' என்ற சொல்லை அடியுங்கள். தொகையில் இடைவெளி விடாதீர்கள். தொலைந்தால் உடனே பேங்குக்குச் சொல்லி நிறுத்துங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். பாலத்தடியில் இதை யார் போய்ச் சொல்வது? நாம்தான்!

இரண்டு, நாமே அம்பாகாமல் இருப்பது. "உன் பேங்க் அக்கவுன்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு, கமிஷன் தரேன்" என்று இன்று மாணவர்களையும் தேடி வருகிறார்கள். ஐந்நூறுக்குப் போன பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. நமக்கு?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்பும் குற்றவாளிதான் என்றே வைத்துக்கொள்வோம். எய்தவனையும் கொஞ்சம் தேடுவோமே!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்