நூறு வருஷமா யாரும் திருத்தாத மருந்துச் சீட்டு

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. டாக்டருக்குக் கப்பல் சட்டத்தில் என்ன வேலைன்னு கேப்பீங்க. சலைன் பைதான் என்னை இதுக்குள்ள இழுத்துவிட்டது.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைப் புரட்டிப் போட்டது. அமெரிக்க மருத்துவமனைகள் நம்பியிருந்த சின்ன சலைன் பைகள் அந்தத் தீவில்தான் தயாராகிட்டு இருந்தன. கரண்ட் போச்சு, உற்பத்தி படுத்துக்கிச்சு. உலகத்தின் பணக்கார நாட்டில் நர்ஸுகள் ஆன்டிபயாட்டிக்கை சிரிஞ்சில் எடுத்து, நரம்பு வழியா மெதுவா கையாலேயே ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அதைப் பத்திப் படிக்கப் போன இடத்தில் எதிர்ப்பட்டது ஜோன்ஸ் சட்டம். சலைன் தட்டுப்பாட்டுக்கு இந்தச் சட்டம் காரணம் இல்லை, மின்சாரம் போனதுதான் காரணம். இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் கமெண்டில் சண்டைக்கு வராதீங்க.

சட்டம் 1920இல் வந்தது. ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்கக் கொடியோடு இருக்கணும். அமெரிக்கர்களுக்குச் சொந்தமா இருக்கணும், மாலுமிகளில் பெரும்பாலானவர் அமெரிக்கர்களா இருக்கணும். இதெல்லாம் நியாயம்தான். நாலாவது நிபந்தனைதான் விஷம்: கப்பல் அமெரிக்காவிலேயே கட்டியதாகவும் இருக்கணும். கொரியாவில் ஆகும் செலவைவிட அங்கே பல மடங்கு ஆகும். யார் புதுசு கட்டுவாங்க? கடலில் ஓடும் இந்த வகைப் பெரிய கப்பல்கள் நூறுகூட இல்லை.

கொண்டுவந்தவர் வெஸ்லி ஜோன்ஸ், வாஷிங்டன் மாநில செனட்டர். அலாஸ்காவின் சரக்கு கனடாவின் வான்கூவர் வழியாப் போகாம, அவர் மாநிலத்து சியாட்டில் வழியாவே போகணும். அலாஸ்காக்காரங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1922இல் தோத்தாங்க. தேசப் பாதுகாப்புன்னு இன்னைக்குச் சொல்றாங்களே, அதோட பூர்வீகம் இதுதான்.

2012இல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஒரு அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்கு இருபதடி கன்டெய்னர் ஒண்ணு அனுப்ப ஏறக்குறைய 3,063 டாலர். பக்கத்துத் தீவில் இருக்கும் சாண்டோ டொமிங்கோவுக்கு 1,504 டாலர். அது வேற நாடு, அதனால சட்டம் பொருந்தாது. வித்தியாசம் முழுக்கச் சட்டத்தால்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வேற காரணங்களும் கலந்திருக்கும். ஆனா சொந்த நாட்டுத் தீவுக்கு அனுப்பும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அந்தத் தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனா அங்கே வசிக்கிற வரைக்கும் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. காங்கிரஸில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினரும் கிடையாது. இந்தச் சட்டம் ஏன் இத்தனை வருஷம் பிழைச்சிருக்குன்னு இப்போ புரியுதா?

இப்போ எல் ஃபாரோ. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குச் சரக்கோடு கிளம்பிய கப்பல். 2015 அக்டோபர் 1 அன்று வாக்கீன் புயலில் மாட்டி முழுகியது. 33 பேர், ஒருத்தர்கூடப் பிழைக்கலை. கட்டியது 1975இல், பென்சில்வேனியாவில். நாற்பது வயசுக் கப்பல். அதில் இருந்தவை மேல்மூடி இல்லாத பழங்கால உயிர்காப்புப் படகுகள். புதுக் கப்பலில் அதை அனுமதிக்க மாட்டாங்க. பழசுங்கிறதால விட்டுவெச்சிருந்தாங்க.

நாங்க இறப்புச் சான்றிதழ் எழுதும்போது 'உடனடிக் காரணம்'னு ஒரு வரி இருக்கும். அதுக்குக் கீழே, 'அதற்கு முந்தைய காரணம்'. விசாரணை அறிக்கை கேப்டனின் முடிவுகளையும் கம்பெனியின் நிர்வாகத்தையும் குறை சொன்னது, அது சரிதான். என் கேள்வி கீழ்வரியைப் பத்தி. நாற்பது வயசுக் கப்பலை ஒருத்தர் ஏன் இன்னும் கடலில் ஓட்டிக்கிட்டு இருந்தார்? புதுசு வாங்கும் விலையை இப்படி ஏத்திவெச்சது எது?

ஹவாய்க்கு வருவோம். சாப்பாட்டுச் சாமானில் பெரும்பகுதி கப்பலில் வந்தாகணும். அங்கே பண்ணைக்காரங்க மாடுகளை அமெரிக்க நிலப்பகுதிக்கு விமானத்தில் ஏத்தி அனுப்பியிருக்காங்க. இல்லைன்னா வெளிநாட்டுக் கப்பலில் கனடாவுக்கு அனுப்பி, அங்கிருந்து லாரியில் எல்லை தாண்டி. மாடு பறக்குதுங்க, நான் ஜோக் அடிக்கலை.

ஹொனலுலுவில் கிராஸ்ரூட் இன்ஸ்டிட்யூட்னு ஒரு சின்ன லாபநோக்கற்ற அமைப்பு இருக்கு. தடையற்ற சந்தைன்னு பேசுறவங்க. அவங்க மத்த அரசியலில் பாதிக்கு மேல எனக்கு ஒப்பாது. ஆனா இந்த விஷயத்தில் வருஷக்கணக்கா விடாம நிக்கிறாங்க. ஹவாய்க்கு வருஷத்துக்கு 120 கோடி டாலர் இதனால் நஷ்டம்னு 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. எதிர்த்தரப்பு அதை ஒத்துக்கலை. சரி, நீங்க வேற கணக்கு காட்டுங்கன்னு கேக்க வாய்ப்பாவது கிடைச்சதே! மரியாவில் செத்தவங்க முதலில் 64 பேர்னு அரசு சொன்னது. ஒரு பல்கலைக்கழகம் உட்கார்ந்து எண்ணின பிறகு 2018இல் அது 2,975 ஆச்சு. எண்ண ஆள் இல்லைன்னா பாதிப்பே இல்லைன்னு ஆயிடும்.

அவங்க கேக்கறது என்ன? சட்டத்தையே கொளுத்துன்னு இல்லை. மாலுமி வேலை இருக்கட்டும், கொடி இருக்கட்டும். 'அமெரிக்காவில் கட்டியது' என்ற நிபந்தனையைத் தளர்த்துங்க, அவ்வளவுதான். நம்ம நாட்டிலும் கடலோரச் சரக்குக்கு இந்தியக் கொடிக் கப்பலுக்குத்தான் முன்னுரிமை. ஆனா அந்தக் கப்பல் எந்த நாட்டில் கட்டியதாகவும் இருக்கலாம்.

கப்பல் கட்டும் தொழில் அழிஞ்சிடும்னு பயமுறுத்துறாங்க. நூறு வருஷப் பாதுகாப்புக்குப் பிறகு உலகக் கப்பல் கட்டுமானத்தில் அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. இத்தனை வருஷம் கொடுத்தும் வேலை செய்யாத மருந்தை டோஸ் குறைக்காம தொடர்ந்தா, அந்த டாக்டரை நீங்க சும்மா விடுவீங்களா?

எனக்குக் கோபம் வர்றது இந்த இடத்தில்தான். கத்ரீனா வந்தப்போ சட்டத்தை நிறுத்திவெச்சாங்க. சாண்டி, ஹார்வி, இர்மா, எல்லாத்துக்கும் அதே கதை. மரியாவுக்கு முதலில் தேவையில்லைன்னு சொல்லிட்டு, எட்டு நாள் கழிச்சுப் பத்து நாளுக்கு மட்டும் நிறுத்தினாங்க. நோயாளி ஐசியூவுக்குப் போகும்போதெல்லாம் நிறுத்தியே ஆகணும்னா, அந்த மாத்திரை வார்டில் தினமும் எதுக்குய்யா? அதுவும் 2021இல், இப்படி நிறுத்திவெக்கும் அதிகாரத்தையே இன்னும் இறுக்கிட்டாங்க.

2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா புயல் அதே தீவைத் தாக்கியது. மறுபடி மின்சாரம் இல்லை, மருத்துவமனைகள் ஜெனரேட்டரில் ஓடுது. டெக்சாஸில் ஏத்தின 3 லட்சம் பீப்பாய் டீசலோடு ஒரு கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே வந்து நின்னது. அதில் பறந்தது மார்ஷல் தீவுகள் கொடி. இறக்க அனுமதி வந்தது செப்டம்பர் 28.